மூட்டு ஊசிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நமது பள்ளிவாசலில் தொழுவதற்கு இரண்டே இரண்டு நாற்காலிகள் கிடந்தன. இன்று ஒரு வரிசையே போட்டிருக்கிறோம். பெண்கள் பகுதியில் அதைவிட அதிகம். மூட்டுவலி இல்லாத வீடு நமது மஹல்லாவில் குறைவு. அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் முட்டி, தோள்பட்டை, குதிகால், மணிக்கட்டு என்று எழுதி வருபவையே கணிசமானவை. அவற்றோடு இணைத்து வரும் ரசீதுகளில் அடிக்கடி காண்பது "மூட்டில் ஊசி" என்ற ஒரு வரி. அந்த ஊசியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. நமது முகாமுக்கு வரும் எலும்பு மருத்துவரிடம் இந்த உரையைக் காட்டித் திருத்தி வாங்கிய பிறகே உங்கள் முன் வைக்கிறோம். இதைப் பேச வேண்டிய கட்டாயம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய். வயது அறுபதுக்கு மேல். நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றியவர். முட்டி வலிக்கிறது என்று மனு கொடுத்தார்; உதவினோம். அடுத்த மாதம் தோள்பட்டை என்றார், உதவினோம். பிறகு மறுபடி முட்டி. அதன் பிறகு பக்கத்து ஊரில் "நல்லா ஊசி போடுறாங்க" என்று யாரோ சொல்ல, அங்கே ஒன்று. ஐந்து மாதத்தில் நான்கு ஊசி. நான்கு ரசீதிலும் நமது அறக்கட்டளையின் முத்திரை இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. சொன்னால் ஊசி போட மாட்டார்களோ என்று பயந்து இரண்டு இடத்திலும் அவர் அதைச் சொல்லவில்லை. நான்காவது ஊசி போட்ட மூன்றாம் நாள், தாகம் தாகம் என்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தவர் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. ஆறு நாள் உள்நோயாளியாக இருந்து, அல்ஹம்துலில்லாஹ், நலமாகத் திரும்பினார்.

அங்கே பணியிலிருந்த மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இதுவரைக்கும் எத்தனை ஊசி போட்டிருக்காங்க? என்ன மருந்து?" அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. கூடப் போயிருந்த எங்களுக்கும் தெரியவில்லை. ஆனால் பதில் நமது அலுவலக அலமாரியில், நான்கு தனித்தனி மனுக்களில் இருந்தது. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் இரவு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நாங்கள், அந்த நான்கு தாள்களை ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கேள்வி கேட்காமல் கொடுப்பதே நல்ல உதவி என்று நினைத்திருந்தோம்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டுவிட்டு, ஊசியே விஷம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஊசியால் நன்மை அடைந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். எனவே, அது என்ன மருந்து என்பதிலிருந்து தொடங்குவோம்.

நமது இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே தொப்பி வைத்தாற்போல அட்ரினல் என்ற சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் கார்டிசோல் என்ற பொருள் உடலில் வீக்கத்தையும் அழற்சியையும் கட்டுப்படுத்துகிறது. அதே வகையைச் சேர்ந்த, ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்துகளைத்தான் ஸ்டீராய்டு என்கிறோம். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரெய்க்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொடர்ந்து அதிக அளவில் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது. அதனால், உடல் முழுவதும் மருந்தைப் பரப்பாமல் வலிக்கும் மூட்டுக்குள் மட்டும் போட்டால் என்ன என்று யோசித்தார்கள். 1951-ல் ஜோசப் ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர் அவ்வாறு மூட்டுக்குள் போட்ட அனுபவத்தை வெளியிட்டார். இன்று நமது ஊரில் போடப்படும் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

பெரும்பாலும் டிரையம்சினோலோன் அல்லது மெத்தில்பிரட்னிசோலோன் என்ற மருந்தைப் போடுவார்கள். முட்டி போன்ற பெரிய மூட்டுக்கு வழக்கமாக 40 மில்லிகிராம். விரல் போன்ற சிறிய இடத்துக்கு அதில் கால் பங்கு அளவு. பல நேரங்களில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தையும் சேர்ப்பார்கள். மருந்து மூட்டுக்குள் போனாலும் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். அந்தத் தாய்க்குச் சர்க்கரை ஏறியது அதனால்தான்.

இந்த ஊசி தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. அழற்சியை அடக்கும், அதனால் வலி குறையும். சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்து தசையை வலுப்படுத்திக்கொண்டால் பலன் நிற்கும். வலி போய்விட்டது என்று பழையபடி இருந்துவிட்டால் வலி திரும்பி வரும், அடுத்த ஊசியைத் தேடுவோம்.

எந்த வலிக்கு எவ்வளவு பலன் என்பதும் ஒன்றுபோல் இல்லை. விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு, பிறகு "டக்" என்று விடுபடும் நோய் நமது பெண்களிடம் நிறைய இருக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு ஊசியிலேயே பலருக்குக் குணம் கிடைக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவு. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வரும் வலிக்கும் ஊசி நன்றாகக் கேட்கும். தோள்பட்டை இறுகி, கையைத் தூக்கவே முடியாமல் போகிறதே, அதற்கு வலி கடுமையாக இருக்கும் ஆரம்ப கட்டத்தில் ஊசி உதவும். கூடவே பயிற்சியும் வேண்டும்.

முழங்கையின் வெளிப்பக்க வலி வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவில் 165 பேரை வைத்துச் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியிருந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் அப்படித் திரும்பியது பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

முட்டித் தேய்மானத்துக்கு வருவோம். 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று. 140 பேருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகள் ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு உப்புநீர். முடிவில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 2020-ல் 156 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில், ஊசி போட்டவர்களைவிடப் பிசியோதெரபி செய்தவர்கள் ஓராண்டு முடிவில் வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள். முட்டி வீங்கி, இரவில் தூக்கம் இல்லாமல் துடிப்பவருக்கு ஓர் ஊசி பெரிய நிம்மதி. அதையே மாதச் சாமான் வாங்குவதுபோல வழக்கமாக்கிக்கொள்வதுதான் தவறு.

ஒரே மூட்டில் இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும். ஓர் ஆண்டில் மூன்று நான்கைத் தாண்டக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. "இது முட்டி, அது தோள்பட்டை, கணக்கு வேறுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். மூட்டு வேறாக இருந்தாலும் ரத்தம் ஒன்றுதானே! எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இடுப்பில் போடும் வலி ஊசி, மூச்சிரைப்புக்குத் தரும் சில மாத்திரைகள், பெயர் எழுதாமல் பொட்டலத்தில் கட்டித் தரும் வலி மருந்து ஆகியவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். நமக்கு நல்லது செய்த மருந்தின் பெயர் நமக்குத் தெரிய வேண்டாமா? பெயர் சொல்லாத மருந்தை வாங்கவே வேண்டாம்.

மூட்டில் போடுவதெல்லாம் ஸ்டீராய்டும் அல்ல. முட்டிக்குள் "ஜெல்" என்று போடும் ஹையலூரானிக் அமிலம் வேறு. நமது ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. வேறு. பலனும் செலவும் வேறு வேறு. எனவே ஊசி போடும் முன், "டாக்டர், இது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

அடுத்து, மருத்துவரிடம் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. சர்க்கரை இருக்கிறதா, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்ன, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறோமா, காய்ச்சலோ எங்காவது சீழ்ப்புண்ணோ இருக்கிறதா, அந்த மூட்டில் ஏற்கனவே செயற்கை மூட்டு வைத்திருக்கிறோமா, முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததா, பெண்களாக இருந்தால் கர்ப்பமாக இருக்கிறோமா. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்தில் அந்த மூட்டில் ஸ்டீராய்டு போடுவதைத் தவிர்ப்பார்கள், கிருமித் தொற்று அபாயம் கூடும் என்பதால். ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அப்போது முதலில் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு போட்டால் நிலைமை மோசமாகும்.

ஊசி போடும் இடத்தின் சுத்தம் சாதாரண விஷயம் அல்ல. 2012-ல் அமெரிக்காவில் மருந்து தயாரித்த இடத்திலேயே பூஞ்சை கலந்துவிட்ட ஸ்டீராய்டு ஊசியால் 750-க்கும் அதிகமானோர் நோயுற்று, 60-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். நமது கண்ணெதிரில் புது சிரிஞ்சு, புது ஊசி பிரிக்கப்படுகிறதா, கை கழுவித் தோலை மருந்தால் துடைக்கிறார்களா என்று பார்ப்பது நமது உரிமை.

ஊசி போட்ட பிறகு என்ன நடக்கும்? மரத்துப்போகும் மருந்து சேர்த்திருந்தால் சில நிமிடங்களிலேயே வலி போய்விடும். சில மணி நேரத்தில் அந்த மருந்து தீர்ந்து வலி திரும்பும். "ஊசி கேட்கவில்லை" என்று அன்று இரவே இன்னொரு மருத்துவரிடம் ஓடுபவர்கள் இருக்கிறார்கள்! ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். முதல் இரண்டு நாள் சிலருக்கு வலி கூடும்; துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் மருத்துவர் சொல்லும் அளவு பாராசிட்டமாலும் போதும். அந்த இரண்டு நாளும் பாரம் தூக்குவது, மாடிப்படி ஏறி இறங்குவது வேண்டாம். முகம் ஓரிரு நாள் சிவக்கலாம். பெண்களுக்கு மாதவிலக்கு ஒருமுறை தள்ளியோ முந்தியோ வரலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துச் சிறு பள்ளம் விழுவதும் உண்டு. குதிகாலின் பின்புறத் தசைநாணுக்குள் ஊசி போட்டால் அது அறுந்துபோகவும் கூடும். அதனால் மருத்துவர்கள் அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரமாவது வீட்டில் தினமும் சர்க்கரை பாருங்கள். கருவி இல்லாதவர்கள் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரைக் கேட்ட பிறகே. இரண்டு நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரமலானில் இந்த ஊசி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் எடுத்த முடிவில், உணவாகச் செலுத்தப்படுபவை தவிர, சிகிச்சைக்காகத் தோலிலும் தசையிலும் ரத்தக்குழாயிலும் போடும் ஊசிகளால் நோன்பு முறியாது என்று கூறியிருக்கிறது. உங்கள் மனம் அமைதியடைய நமது இமாம் ஹஜ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சர்க்கரை உள்ளவர் நோன்பு நேரத்தில் ஊசி போட்டால், சர்க்கரை ஏறி உடலில் நீர் வற்றும் அபாயம் உண்டு. அவசரமில்லாத ஊசியைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். "தரையில் ஸஜ்தா செய்யாமல் மனசு ஆறவில்லை, அதற்காகத்தான் ஊசி போடுகிறேன்" என்று சில தாய்மார்கள் சொன்னார்கள். அவர்களுடைய ஆசையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இயலாதவர் உட்கார்ந்து தொழுவதற்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அந்தச் சலுகையை விட்டுவிட்டு, குருத்தெலும்பைக் கரைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் நம்மைக் கேட்கவில்லை. உடலும் ஓர் அமானிதம்தான்.

ஊசியால் கிடைத்த நிம்மதியை நிலைக்க வைக்க வழி என்ன? நாற்காலியில் நேராக உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து வரை எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். தொடையின் முன்பக்கத் தசை வலுத்தால் முட்டியின் சுமை குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டி மீது விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். பீடி சுற்றும் சகோதரிகள் மணிக்கணக்கில் காலை மடக்கி உட்காராமல் அவ்வப்போது எழுந்து நடங்கள், விரல்களை விரித்து மடக்குங்கள். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு, தேவையானவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் தருகிறார்கள். நமது பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்துகொள்ளுங்கள். இதற்கு எந்த ரசீதும் வேண்டியதில்லை.

நிறைவாக, அறக்கட்டளையின் நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவுகள். மூட்டுவலிக்கு உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் இன்று முதல் ஒரு பச்சை அட்டை தரப்படும். ஊசி போட்ட தேதி, எந்த மூட்டு, மருந்தின் பெயர், அளவு ஆகிய நான்கையும் மருத்துவரிடமே எழுதி வாங்க வேண்டும். அடுத்த மனுவோடு அந்த அட்டையையும் கொண்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது ஊசி என்றால் மறுக்க மாட்டோம். ஆனால் மருத்துவரிடம் அட்டையைக் காட்டிய பிறகுதான் பணம். ஊசிக்குத் தருவதைப் போலவே பிசியோதெரபிக்கும், சர்க்கரைப் பரிசோதனைக்கும் இனி உதவி உண்டு. சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதற்காக யாருடைய மனுவும் தள்ளப்படாது. இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் தயவுசெய்து அழுத்திச் சொல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தத் தாயைப் பார்க்கப் போயிருந்தோம். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. முதல் அட்டையை அவருக்குத்தான் எழுதினோம். பழைய நான்கு ஊசிகளையும் அலமாரியிலிருந்த ரசீதுகளைப் பார்த்து வரிசையாகக் குறித்துக் கொடுத்திருக்கிறோம். இன்று அவர் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதையெல்லாம் சொன்னோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், தந்த நலத்தைப் பேணும் அறிவையும் தருவானாக. ஆமீன். கூட்டம் முடிந்ததும் அட்டைகளை வாசலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.